ரெக்கார்டு நோட்டில் ஏன் பிழையே இல்லை?

மாடி வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள்; கணினி அறிவியல் பிரிவு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டு நோட்டோடு கீழே வந்தாள். பார்த்ததும் என் பழைய நோட்டு ஞாபகம் வந்தது. பிரவுன் அட்டை, லேபிள், கோடு போட்ட வலது பக்கத்தில் நீல மையில் நிரல், கோடில்லாத இடது பக்கத்தில் பென்சிலில் வெளியீடு. இருபத்தைந்து வருஷத்தில் மொழி மட்டும்தான் மாறியிருக்கிறது. அப்போது சி, இப்போது பைத்தான். ஒவ்வொரு பயிற்சியின் அடியிலும் வரும் அந்தக் கடைசி வரிகூட அப்படியே இருக்கிறது: நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு, வெளியீடு சரிபார்க்கப்பட்டது.

"இதெல்லாம் லேப்ல ஓட்டிப் பாத்தியாம்மா?"

"இன்னும் லேப் போகல அங்கிள். ரெக்கார்டு எழுதி சைன் வாங்கினாத்தான் லேப். முதல் மூணுக்கு சைன் ஆயிடுச்சு."

சரி, இங்கேயே ஓட்டிப் பார்ப்போம் என்று என் லேப்டாப்பைத் திறந்து கொடுத்தேன். சைன் ஆன முதல் நிரல், ஒரு எண்ணின் ஃபேக்டோரியல். நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். இயக்கினாள். சிவப்பு எழுத்தில் 'சின்டாக்ஸ் எரர்' வந்தது. சூடான பாத்திரத்தைத் தொட்ட மாதிரி கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"எனக்கு இது வராது அங்கிள்."

முதல் வரியின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. நோட்டிலும் அது இல்லை; எந்த சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதினாளோ அதிலும் இல்லையாம். அதன்மேல்தான் சிவப்பு மையில் டிக்கும் கையெழுத்தும் இருந்தன. சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் 'எனக்கு இது வராது' என்ற அந்த வாக்கியம் எனக்குள் தங்கிவிட்டது. பன்னிரண்டு வருடம் படித்த ஒரு பெண், ஒரு முக்காற்புள்ளியை வைத்துத் தன்னைப் பற்றி இவ்வளவு பெரிய முடிவுக்கு வருகிறாள். யார் கற்றுக்கொடுத்தது இதை?

இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். நம்மை நிரலாக்கத்துக்குள் கூட்டிவந்த புத்தகங்களையும், 'நான் எப்படி ஆரம்பித்தேன்' என்று நாம் சொல்லிக்கொள்ளும் கதைகளையும் ஒரே ஒரு கேள்வியை வைத்துப் படித்துப் பார்க்கிறேன். பிழை வந்தபோது என்ன செய்வது என்று அவை சொல்கின்றனவா?

ஆரம்பக் கதைகளில் விட்டுப்போவது

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை போகிற மின்சார ரயிலில் நிரல் எழுதிப் பிழைக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. வண்டலூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகம், பொத்தேரியில் இன்னொன்று, கூடுவாஞ்சேரியைத் தாண்டினால் ஜிஎஸ்டி சாலையில் வல்லாஞ்சேரி ஐடி பூங்கா, அதற்கும் தெற்கே மகேந்திரா சிட்டி. இவர்களில் யாரிடம் 'எப்படி ஆரம்பிச்சீங்க?' என்று கேட்டாலும் கதை ஒரே அச்சில் வரும். எந்த வருஷம், என்ன மெஷின், என்ன மொழி, முதல் நிரல் என்ன. காலேஜ் லேப், தெருமுனை கம்ப்யூட்டர் சென்டர், மணிக்கு இவ்வளவு என்று பிரவுசிங் சென்டர், பெரியப்பா பையனின் அசெம்பிள்டு பிசி.

அமெரிக்கக் கதைகளும் இதே அச்சுதான், வயது மட்டும் குறைவு. 1968-ல் சியாட்டிலின் லேக்சைடு பள்ளியில் ஒரு டெலிடைப் முனையம். அதன் முன்னால் 13 வயது பில் கேட்ஸ். ஹெல்சிங்கியில் தாத்தா வாங்கிய கொமடோர் விக்-20 முன்னால் பதினொன்று வயதுப் பையனாக லினஸ் டோர்வால்ட்ஸ். இதைப் படிக்கிற நம்ம ஊர்ப் பையன் முடிவு செய்வது என்ன? 'நமக்கு லேட் ஆயிடுச்சு. சின்ன வயசுலயே மெஷின் கிடைச்சிருக்கணும்.'

எனக்கு இந்த முடிவு தவறு என்று படுகிறது. அந்த இரண்டு கதைகளிலும் வயதைவிட முக்கியமான ஒன்று சத்தமில்லாமல் இருக்கிறது. இருவரும் பேசிக் மொழியில் ஆரம்பித்தார்கள். பேசிக்கை 1964-ல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் உருவாக்கினார்கள். கணிதம், அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒரே பெரிய கணினியின் நேரத்தைப் பல முனையங்களுக்குப் பகிர்ந்தார்கள். ஒரு வரி தட்டினால் சில வினாடிகளில் பதில் வரும். தப்பாகத் தட்டினால் தப்பு என்று பதில் வரும். திருத்தித் தட்டினால் மறுபடி பதில். பக்கத்தில் யாரும் மார்க் போட நிற்கவில்லை.

சீக்கிரம் பதில் சொல்கிற ஒரு மெஷின், யாரும் பார்க்காத நேரம், எத்தனை தப்பு வேண்டுமானாலும் செய்யலாம் என்ற சுதந்திரம். இந்த மூன்றும் எட்டு வயதில் கிடைத்தாலும் வேலை செய்யும், இருபது வயதில் கிடைத்தாலும் வேலை செய்யும். 'எட்டு வயசுலயே ஆரம்பிச்சேன்' என்று சொல்கிறவர்கள் அந்த எட்டு வயதில் எத்தனை ஆயிரம் தப்பு செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

அட்டைகளின் காலம்

'நம்ம ஊர்ல மெஷின் கம்மி, அதனாலதான் பேப்பர்ல எழுதிக் கத்துக்கிட்டோம்' என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பேப்பருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பார்த்தால் ரெக்கார்டு நோட்டு எங்கே தடம் மாறியது என்று புரியும்.

கான்பூர் ஐஐடிக்கு 1963-ல் ஐபிஎம் 1620 வந்தது. அங்கே ஃபோர்ட்ரான் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். பிறகு இந்தியா முழுக்கக் கல்லூரிகளில் புழங்கிய நிரலாக்கப் பாடநூல்களை எழுதியவரும் அவர்தான். கிண்டி பொறியியல் கல்லூரியிலும் 1960-களில் 1620 இருந்தது. சென்னை ஐஐடிக்கு 1973-ல் ஐபிஎம் 370/155 வந்தது.

அந்தக் காலத்தில் நிரலை முதலில் தாளில் எழுத வேண்டும். பிறகு துளையிடும் இயந்திரத்தில் உட்கார்ந்து, ஒரு வரிக்கு ஒரு அட்டை என்று அடிக்க வேண்டும். அட்டைக்கட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வர வேண்டும். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ அச்சடித்த தாள் வரும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் அந்த நாளே போச்சு. அதனால்தான் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வரியாக, மாறிகளின் மதிப்பை ஓரத்தில் எழுதிக்கொண்டே, கையால் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது. 'ட்ரை ரன்' என்று இன்றும் வாத்தியார்கள் சொல்வது இதைத்தான். நல்ல பழக்கம். இன்றும் நான் செய்கிறேன்.

ஆனால் கவனியுங்கள். மறுநாள் வந்த அந்தத் தாளில் மெஷின் சொன்ன பதில் இருந்தது. எந்த வரியில் என்ன பிழை என்ற பட்டியல் இருந்தது. அதைப் பார்த்து அட்டையை மாற்றி மறுபடி கொடுப்பார்கள். தாமதமான உரையாடல்தான், ஆனாலும் உரையாடல். ரெக்கார்டு நோட்டு அந்த முறையிலிருந்து தாளை மட்டும் எடுத்துக்கொண்டது. திரும்பி வருகிற பதிலை விட்டுவிட்டது. அந்த இடத்தில் இப்போது சிவப்பு டிக் வருகிறது. முக்காற்புள்ளி இல்லாத நிரலை மெஷின் ஒருபோதும் விடாது. ஐம்பது நோட்டு திருத்திக் களைத்த கண் விட்டுவிடும்.

'மிஸ்டேக்' என்று சொன்ன மெஷின்

1984-ல் மத்திய அரசு பள்ளிகளுக்காக 'கிளாஸ்' என்ற கணினி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டமாகச் சுமார் 250 பள்ளிகள். கொடுத்த மெஷின், இங்கிலாந்தில் ஏக்கான் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோ. சுவிட்சைப் போட்டதும் நேராக பேசிக் மொழியில் போய் நிற்கும். புரியாததைத் தட்டினால் அது சொல்லும் பதில் ஒரே சொல்: 'மிஸ்டேக்'. அவ்வளவுதான். இல்லாத மாறியைக் கேட்டால் 'அப்படி ஒரு மாறி இல்லை' என்கிற மாதிரி ஒரு சின்ன வாக்கியம்.

எனக்கு இந்த 'மிஸ்டேக்' ரொம்பப் பிடிக்கும். தமிழ்நாட்டில் இங்கிலீஷ் படிக்காதவர்களுக்கும் தெரிந்த சொல் அது. 'சின்ன மிஸ்டேக்குப்பா' என்று டீக்கடையில் சொல்கிற சொல். சொன்னது பாதிதான், எங்கே தப்பு என்று விளக்கவில்லை. ஆனாலும் பயமுறுத்தவில்லை.

அந்தத் திட்டம் நம் பள்ளிகளில் பெரிதாக வேர்விடவில்லை. அதற்குள் கல்லூரிகளிலும் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் சி மொழி வந்துவிட்டது.

நீலத் திரையும் இரண்டு புத்தகங்களும்

1990-களிலும் 2000-களிலும் தமிழ்நாட்டில் நிரலாக்கம் கற்றவர்களில் பெரும்பாலானோர் கையில் இரண்டு புத்தகங்களில் ஒன்று இருந்திருக்கும். யஷவந்த் கனேத்கரின் 'லெட் அஸ் சி', இல்லையென்றால் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த இ. பாலகுருசாமியின் 'புரோகிராமிங் இன் ஆன்சி சி'. இரண்டுமே நல்ல புத்தகங்கள். முதலாவது பேசுகிற தொனியில் எழுதியது. இரண்டாவது அட்டவணை, எடுத்துக்காட்டு, பயிற்சி என்று தேர்வுக்கு ஏற்ற ஒழுங்கு. எனக்கு இரண்டிடமும் கடன் உண்டு.

இரண்டும் சி மொழியைச் சொல்லிக்கொடுத்தன. நாங்கள் உண்மையில் உட்கார்ந்திருந்த டர்போ சி நீலத் திரையைச் சமாளிக்க வேறு ஒரு பாடம் தேவைப்பட்டது. காலேஜ் முதல் வருஷம், நான் தட்டிய முதல் நிரலுக்கு வந்த பதில், இன்க்ளூட் கோப்பைத் திறக்க முடியவில்லை என்பது. புத்தகத்தைப் புரட்டினேன். வரிக்கு வரி சரியாகத்தான் இருந்தது. மெஷினை நான் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆபரேட்டரைக் கூப்பிடப் பயம். பீரியட் முடியும் வரை எதையோ தட்டுவது போல உட்கார்ந்திருந்தேன். மறு வாரம் ஒரு சீனியர் எட்டிப் பார்த்து, "டைரக்டரி பாத் மாத்தி வச்சிருக்காங்கடா" என்று மெனுவில் போய் ஒரு எழுத்தை மாற்றினார். ஓடியது.

அந்த சீனியர் வராமல் இருந்திருந்தால்? என் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படி யாரும் வரவில்லை. அவர்களும் என்னைவிடக் குறைந்த புத்திசாலிகள் இல்லை. 'எல்வேல்யூ ரிக்வயர்டு' என்று வந்தால் அது என்ன என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அவர்கள் ரெக்கார்டு நோட்டை அழகாக எழுதினார்கள், செய்முறைத் தேர்வுக்கு நிரல்களை மனப்பாடம் செய்தார்கள், நல்ல மார்க்கும் வாங்கினார்கள். 'எனக்கு புரோகிராமிங் வராது' என்று இன்றும் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். 'ஹலோ வேர்ல்டு' என்ற புகழ்பெற்ற முதல் நிரல் 1978-ல் வந்த கெர்னிகன், ரிட்சி புத்தகத்தால் உலகம் முழுக்கப் பரவியது. அதை ஏன் முதலில் வைத்தார்கள் என்று அந்தப் புத்தகத்திலேயே காரணம் இருக்கிறது. நிரலை எங்கே தட்டுவது, எப்படித் தொகுப்பது, எப்படி இயக்குவது, வெளியீடு எங்கே போய் விழுந்தது என்று கண்டுபிடிப்பது இவைதான் முதல் தடை; இதைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் ஒப்பீட்டளவில் சுலபம் என்பது அவர்கள் கருத்து. அதாவது அந்த நிரல் உங்கள் கையில் இருக்கிற மெஷினோடு உறவு ஏற்படுத்திக்கொள்வதற்கான சாக்கு. அதையே மெஷின் இல்லாமல் நோட்டில் எழுதி, இடது பக்கத்தில் பென்சிலால் 'ஹலோ வேர்ல்டு' என்று வெளியீடும் எழுதினால், அந்த நிரலில் மிச்சம் இருப்பது வெறும் எழுத்துப் பயிற்சி.

இப்போதைய பாடநூல்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டம் 2018-லும் 2019-லும் மாறியது. பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான். பழைய டர்போ சி++-ஐ விட்டு வெளியே வந்ததே பெரிய விடுதலை. தமிழ்வழி மாணவர்களுக்கு முழுப் பாடமும் தமிழில் கிடைக்கிறது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தால் பல வீடுகளில் முதல் கணினியும் வந்தது. இதையெல்லாம் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் வரிசையைப் பாருங்கள். மொத்தம் 16 பாடங்கள். செயற்கூறு, தரவு அருவமாக்கம், வரையெல்லை, நெறிமுறைகள் என்று முதல் நான்கு பாடங்கள் கருத்துகள். பைத்தான் ஐந்தாவது பாடத்தில்தான் வருகிறது. முதல் பாடத்தின் எடுத்துக்காட்டுகள் 'லெட்', 'லெட் ரெக்' என்று ஓகேமல் சாயலில் இருக்கின்றன. அந்த மாணவி தன் லேப்டாப்பில் இருக்கிற பைத்தானில் அதைத் தட்டினால் பிழைதான் வரும். கருத்துகள் தவறில்லை, கணினி அறிவியலாகப் பார்த்தால் உயர்ந்த விஷயங்கள். ஆனால் முதல் சில வாரங்கள் மாணவி எதையும் ஓட்டிப் பார்க்க முடியாது. படிக்கலாம், அடிக்கோடு போடலாம், எழுதிப் பார்க்கலாம். நிரலாக்கம் என்றால் வரலாறு, பொருளியல் மாதிரி படித்து எழுதுகிற பாடம் என்ற எண்ணம் அங்கேயே பதிந்துவிடுகிறது.

நியாயமாகச் சொன்னால் இந்தப் புத்தகங்கள் பிழையை மறைக்கவில்லை. பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் பிழைகள் மூன்று வகை என்று பிரித்து விளக்குகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் சில இடங்களில் பைத்தான் தரும் 'நேம் எரர்', 'டைப் எரர்' செய்திகளை அப்படியே அச்சிட்டும் இருக்கிறது. என் குறை வேறு. முதலாவது இடத்தில் பிழை ஒரு வரையறை. மூன்று வகையையும் எழுதினால் மார்க். இரண்டாவது இடத்தில் பிழை ஒரு விதிக்குச் சாட்சி. 'இப்படிச் செய்யக் கூடாது, செய்தால் இது வரும்.' சாலையோரம் ஹெல்மெட் பிரசாரத்துக்கு நொறுங்கிய பைக்கை வைத்திருப்பார்களே, அது மாதிரி. பிழைச்செய்தியை எப்படி வாசிப்பது என்று ஒரு பக்கம் இல்லை. கடைசி வரியிலிருந்து ஆரம்பி, எந்த வரி எண் என்று பார், அந்த வரி சரியாக இருந்தால் அதற்கு மேல் வரியைப் பார், அந்த இங்கிலீஷ் வாக்கியத்துக்குத் தமிழில் அர்த்தம் இது. இவ்வளவுதான் வேண்டும்.

தமிழில் நிரல் எழுதினால் போதுமா?

'இங்கிலீஷ்தான் தடை, அதை எடுத்துவிட்டால் எல்லாரும் எழுதுவார்கள்' என்று ஒரு வாதம் உண்டு. அதை வெறும் பேச்சாக விடாமல் செய்தே காட்டியவர் முத்து அண்ணாமலை. அவருடைய 'எழில்' மொழியில் 'பதிப்பி', 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்று தமிழிலேயே நிரல் எழுதலாம். என். சொக்கனோடு சேர்ந்து 'தமிழில் நிரல் எழுது' என்ற அறிமுகப் புத்தகமும் எழுதினார். 2012-லிருந்து வரும் 'கணியம்' இதழும் அதைச் சுற்றியிருக்கிறவர்களும் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் என்று புத்தகங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். நிரலாக்கம் நம் மொழியில் பேசக்கூடிய விஷயம்தான் என்று காட்டிய வேலைகள் இவை.

ஆனாலும் விவாதம் எப்போதும் கட்டளைச் சொற்களிலேயே நின்றுவிடுகிறது. 'பிரின்ட்' என்பதற்குப் பதில் 'பதிப்பி'யா 'அச்சிடு'வா என்று. ஆன்சி சி மொழியில் மொத்தக் குறிச்சொற்கள் 32. நம் பிள்ளைகள் ஒரே இரவில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். மனப்பாடம் செய்யவே முடியாதது, மெஷின் திருப்பிச் சொல்வது. ஏனென்றால் அது ஒவ்வொரு தடவையும் புதுசு. நீங்கள் செய்த தப்பைப் பொறுத்தது. மொழித் தடை உண்மையில் உறைக்கிற இடம் அதுதான். தமிழ்வழியில் படித்த பெண்ணால் 'இஃப்', 'எல்ஸ்' எழுத முடியும். சிவப்பில் வருகிற அந்த ஒன்றரை வரி இங்கிலீஷைக் கண்டால்தான் கை பின்வாங்குகிறது. ஒரு தமிழ் நிரலாக்க அறிமுக நூலை இனி நான் எடைபோடுவதானால், முதல் நிரல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பார்க்க மாட்டேன். முதல் பிழை எந்தப் பக்கத்தில் வருகிறது, அதிலிருந்து வாசகரை எப்படி வெளியே கூட்டி வருகிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

லோகோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமர் பேப்பர்ட் 1980-ல் வந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தில் இதை வேறு விதமாகச் சொன்னார். பள்ளிக்கூடம் குழந்தையிடம் சரியா தப்பா என்று மட்டும் கேட்கிறது. நிரலாக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி, இதைச் சரிசெய்ய முடியுமா என்பது. நம் ஊரில் 'முதல் கோணல் முற்றும் கோணல்' என்று சொல்லியே வளர்க்கிறோம். இந்தத் தொழிலில் முதல் கோணல் எல்லாருக்கும் உண்டு. அதே நம் வீட்டு அடுப்படியில், முதல் தோசை கல்லில் ஒட்டினால் 'கல்லு இன்னும் பழகல' என்போமே தவிர 'எனக்குத் தோசை வராது' என்று யாரும் கரண்டியைக் கீழே வைப்பதில்லை. பிழைச்செய்தி அந்த முதல் தோசை மாதிரிதான்.

எதிர்வாதங்கள்

இதைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். "ஐம்பது பசங்களுக்கு இருபது சிஸ்டம். அதுல நாலு ஓடாது. கரண்ட் போகும். ரெக்கார்டு இல்லாம எக்ஸாமினர்கிட்ட எதைக் காட்டறது?" அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டு யாரோ கெட்ட எண்ணத்தில் செய்த ஏற்பாடு கிடையாது. மெஷின் குறைவான இடத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி மதிப்பெண் கொடுக்க அதுதான் வழியாக இருந்தது. நோட்டை ஒழிக்கச் சொல்லவில்லை நான்.

இன்னொரு வாதம், இனி இதெல்லாம் எதற்கு என்பது. பிழைச்செய்தியை அப்படியே சாட்ஜிபிடியில் ஒட்டினால் தமிழிலேயே விளக்கிவிடுகிறது. பைத்தானும் 2021-ல் வந்த 3.10 பதிப்பிலிருந்து செய்திகளைத் தெளிவாக்கியிருக்கிறது. முன்பு மொட்டையாக 'இன்வாலிட் சின்டாக்ஸ்' என்ற இடத்தில், இப்போது முக்காற்புள்ளி எதிர்பார்க்கப்பட்டது என்றே சொல்கிறது. இரண்டும் நல்லது. அந்த சீனியர் வராத பாதி வகுப்புக்கு இது பெரிய துணை. ஆனால் கேட்கலாம் என்று தெரிந்தவர்தான் கேட்பார். 'எனக்கு இது வராது' என்று மூடியை மூடிவிட்டவர் எதையும் ஒட்டிப் பார்க்கப்போவதில்லை. சரியான நிரலை வாங்கி அப்படியே போட்டுக்கொண்டாலோ, அது இன்னொரு சீனியரின் ரெக்கார்டு நோட்டு.

எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டரில், வல்லாஞ்சேரியில், ஜோஹோ நிறுவனம் பள்ளி முடித்தவர்களையும் டிப்ளமோ முடித்தவர்களையும் எடுத்துக் கற்றுக்கொடுக்கிற ஒரு பள்ளியை நடத்துகிறது. 2000-களின் நடுவில் ஆறு மாணவர்களோடு ஆரம்பித்தது. கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை உண்டு, பட்டம் தேவையில்லை. அங்கே போனவர்கள் பொறியாளர்களாகிறார்கள் என்றால் அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்து தப்பு செய்ய அவர்களுக்குச் சம்பளத்தோடு நேரம் கிடைக்கிறது. நான் மேலே சொன்ன அந்த மூன்றும் கிடைக்கின்றன. எல்லாப் பள்ளியாலும் அதைச் செய்ய முடியாது. அதில் ஒரு துளியைச் செய்யலாம்.

ஒரு பத்தி போதும்

நான் கேட்பது இது ஒன்றுதான். ரெக்கார்டு நோட்டில் நோக்கம், நிரல், வெளியீடு என்று தலைப்புகள் இருக்கின்றன. நான்காவதாக 'வந்த பிழை' என்று ஒரு தலைப்பு சேர்க்கலாம். மெஷின் என்ன சொன்னது, அது எந்த வரி, நான் என்ன மாற்றினேன் என்று மூன்று வரி. அதற்கு ஒரு மார்க். ஓட்டிப் பார்க்காமல் அந்தப் பத்தியை எழுதுவது கொஞ்சம் கஷ்டம். பார்த்து எழுதினால் பக்கத்து நோட்டிலும் அதே பிழை இருப்பது தெரிந்துவிடும். லேபுக்கு முன்னால் கையெழுத்து போடவும் முடியாது. பாடநூலின் கடைசியில் அடிக்கடி வருகிற பத்துப் பிழைச்செய்திகள், ஒவ்வொன்றுக்கும் தமிழில் இரண்டு வரி என்று ஒரே ஒரு பக்கம். புதிய மெஷின், புதிய பாடத்திட்டம் எதுவும் வேண்டாம்.

நம்மைப் போல ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. யாராவது 'எப்படி ஆரம்பிச்சீங்க?' என்று கேட்டால், முதல் நிரலைச் சொல்வதோடு நிறுத்த வேண்டாம். எதில் மாட்டினோம், எத்தனை நாள் மாட்டினோம், யார் வந்து எடுத்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம். அப்படி யாரும் வராமல் வெளியே நின்றுவிட்டவர்களுக்கு, தங்களிடம் குறை ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் தெரியும்.

மாடி வீட்டுப் பெண் அன்று முக்காற்புள்ளி வைத்தாள். ஓடியது. ஐந்தின் ஃபேக்டோரியல் 120. பிறகு என்ன தோன்றியதோ, முக்காற்புள்ளியை அவளே எடுத்துவிட்டு மறுபடி இயக்கினாள். அதே சிவப்பு எழுத்து. இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. சத்தமாக வாசித்துவிட்டு, "ஓ, இதான் சொல்லுதா?" என்றாள். அப்புறம் வேண்டுமென்றே ஒரு அடைப்புக்குறியை எடுத்துப் பார்த்தாள். அரை மணி நேரம் அந்த நிரலை விதவிதமாகக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதை ரெக்கார்டுல எழுதலாமா அங்கிள்?" என்று கேட்டாள்.

எழுதும்மா என்றேன். கையெழுத்து போடுவார்களா தெரியவில்லை.